தக்காளி விலை ஏறினா தோட்ட ஆசை... முதல்முறை காய்கறி போடுறவங்க சறுக்குவது எங்கே?

2023 ஜூலை. தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. சென்னையில் ரேஷன் கடைகள் வழியாக கிலோ 60 ரூபாய்க்கு அரசே தக்காளி விற்க வேண்டிய நிலை வந்தது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் முழுக்க தக்காளி மீம்ஸ். கூடவே பல வீடுகளில் அந்த வழக்கமான வசனமும் கேட்டது: "பேசாம மாடியில நாலு செடி வெச்சிடலாம்."

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அந்த ஜூலை முதல் வாரத்தில் ஒருவர் தக்காளி விதை போட்டிருந்தால், நாற்று தயாராக 25 நாள். எடுத்து நட்ட பிறகு முதல் பழம் பழுக்க ஏறக்குறைய 70 நாள். அதாவது முதல் தக்காளி கைக்கு வருவது அக்டோபரில். ஆனால் செப்டம்பரிலேயே சந்தையில் விலை சரிந்துவிட்டது. போதாக்குறைக்கு, பழம் பறிக்கிற நேரத்தில் வடகிழக்குப் பருவமழையும் வந்து நிற்கும்.

விலையைப் பார்த்துத் தோட்டம் தொடங்கினால், அறுவடைக்குள் விலையும் போய்விடும், ஆர்வமும் போய்விடும். முதல்முறை தோட்டம் போடுபவர்கள் தோற்பதற்குச் சோம்பேறித்தனம் முக்கியக் காரணம் அல்ல. தப்பான மாதத்தில், தப்பான செடியோடு தொடங்குவதுதான் பெரும்பாலும் காரணம். அப்படியென்றால் சரியான தொடக்கம் எது?

மாகறல் சொல்லும் பலாமரக் கதை

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் வழியில், செய்யாற்றின் கரையில் இருக்கும் ஊர் மாகறல். திருஞானசம்பந்தர் பாடிய திருமாகறலீஸ்வரர் கோயில் இங்கேதான் இருக்கிறது. பட்டு நெசவுக்குப் பெயர் போன காஞ்சிபுரம் பக்கம். சற்றுத் தள்ளிப் போனால் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகள். தறியில் உட்காரும் அப்பாவும், கம்பெனி பஸ்ஸில் ஷிஃப்டுக்குப் போகும் மகனும் ஒரே வீட்டில் இருப்பது இந்தப் பகுதியில் சாதாரணம்.

இந்தக் கோயிலின் தலபுராணத்தில் ஒரு பலாமரம் வருகிறது. தினமும் ஒரு பழம் தரும் அதிசய மரம். அந்தப் பழத்தை தினமும் சிதம்பரம் நடராஜருக்குக் கொண்டுபோய்ப் படைத்து, பிறகு சோழ மன்னனிடம் சேர்க்க வேண்டும். வெயிலோ மழையோ, ஊரார் முறைவைத்துச் சுமக்க வேண்டும். ஒருநாள் முறை வந்த வீட்டுச் சிறுவன், 'இந்த மரம் இருப்பதால்தானே இத்தனை பாடு' என்று மரத்தையே எரித்துவிட்டான் என்கிறது கதை.

நம்பிக்கை ஒரு பக்கம் இருக்கட்டும். முதல்முறை தோட்டம் போடுகிற எவருக்கும் இது பழக்கமான கதைதான். தினசரி வேலை தாங்க முடியாத சுமையாகும் அன்றே செடியின் கதை முடிகிறது. அதனால் எத்தனை செடி வைக்க இடம் இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன், தினமும் எத்தனை நிமிடம் ஒதுக்க முடியும் என்று பாருங்கள். ஆறு பைக்குக் காலையில் பதினைந்து நிமிடம் போதும். முப்பது பை வாங்கிவிட்டால் அது அரைவேலை ஆகிவிடும்.

எந்த மாதம் ஆரம்பிக்கலாம்?

'ஆடிப் பட்டம் தேடி விதை' என்பது வெறும் பழமொழி அல்ல, வானிலைக் கணக்கு. ஜூலை நடுவில் ஆடி பிறக்கிறது. கோடை வெயில் தணிந்து, மாலை நேர இடிமழை வந்துபோகிற காலம் அது. காஞ்சிபுரம், சென்னை பக்கம் பெருமழை அக்டோபருக்குப் பிறகுதான். ஆடியில் விதைத்த வெண்டையும் கொத்தவரையும் கனமழைக்கு முன் காய்த்துவிடும். பந்தல் கொடிகள் வேர் பிடித்து நிமிர்ந்து நிற்கும்.

அடுத்த நல்ல வாய்ப்பு தைப் பட்டம். ஜனவரி, பிப்ரவரியில் மழை முடிந்து, பனியும் குறைந்து, வெயில் இன்னும் உறைக்காத நேரம். புதிதாகத் தொடங்கும் பலருக்கு ஆடியைவிடத் தை எளிது. மழையில் நாற்று அழுகும் தொல்லை கிடையாது.

தவிர்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, ஐப்பசி அடைமழையில் நாற்று விடுவது. இரண்டு, மே மாத அக்னி நட்சத்திரத்தில் தக்காளி நடுவது. பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது தக்காளிப் பூ காயாக மாறாமல் உதிரும். எவ்வளவு உரம் போட்டாலும் அது நிற்காது. கோடையில் ஆசை தாங்கவில்லை என்றால் நிழல்வலை கட்டி கீரை போடலாம். வெண்டையும் ஓரளவு வெயில் தாங்கும்.

கொல்லையா, மாடியா?

தரை இருந்தால் தரைக்கே முதல் மரியாதை. கொல்லையில் வைத்த செடி வேரை ஆழமாக இறக்கித் தனக்கு வேண்டியதைத் தேடிக்கொள்ளும். ஒருநாள் தண்ணீர் மறந்தாலும் மன்னிக்கும். பையில் இருக்கும் செடி மன்னிக்காது. அதற்குக் கிடைப்பது நீங்கள் ஊற்றுவது மட்டும்தான்.

எங்கே வைத்தாலும் பார்க்க வேண்டிய முதல் விஷயம் வெயில். காய்க்கும் செடிகளுக்கு ஒரு நாளில் ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். கீரை, புதினாவுக்கு மூன்று நான்கு மணி நேரம் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு, மதியம் பன்னிரண்டு, மாலை நான்கு என மூன்று முறை மாடியை போட்டோ எடுத்துப் பாருங்கள். எந்த மூலையில் நிழல் விழுகிறது என்பது தெரிந்துவிடும். பால்கனியில் வெயிலே வராது என்றால் தக்காளிக் கனவை விட்டுவிட்டு, புதினாவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மாடியில் இரண்டாவது விஷயம் எடை. ஈரமான தோட்ட மண் ஒரு லிட்டர் ஒன்றரை கிலோவுக்கு மேல் இருக்கும். 40 லிட்டர் பையை மண்ணாலேயே நிரப்பினால் 60 கிலோ. அப்படி இருபது பை என்றால், இருபது ஆட்கள் இரவு பகலாக மாடியில் நிற்பதற்குச் சமம். அதனால்தான் மாடிக்கு எடை குறைவான தென்னைநார்க் கழிவு கலந்த கலவை. பைகளை நடுத்தளத்தில் குவிக்காமல், சுவரும் பீமும் தாங்கும் ஓரங்களில் வரிசையாக வையுங்கள். தரையோடு ஒட்டாமல் செங்கல் அல்லது ஸ்டாண்டு மேல் வைத்தால், தண்ணீர் தேங்கித் தளத்தில் இறங்காது. வாடகை வீடு என்றால் ஹவுஸ் ஓனரிடம் முதலிலேயே ஒரு வார்த்தை சொல்லிவிடுவது உத்தமம். ஓதம் பார்த்த பிறகு பேச்சுவார்த்தை கஷ்டம்!

மண் கலவையில் என்ன ரகசியம்?

செம்மண் ஒரு பங்கு, தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு. கலவை இவ்வளவுதான். மண் செடியைப் பிடித்து நிறுத்தும், நார்க்கழிவு ஈரத்தைப் பிடித்து வைக்கும், எரு சாப்பாடு போடும். இதோடு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு சேர்த்தால் வேர்ப்புழுத் தொல்லை குறையும்.

நிறைய பேர் கோட்டை விடுவது நார்க்கழிவில். கடையில் கிடைக்கும் கட்டியை ஊறவைத்து அப்படியே கொட்டிவிடுவார்கள். தேங்காய் மட்டையை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு நார் எடுத்த கழிவாக இருந்தால் அதில் உப்பு தங்கியிருக்கும். இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றி அலசிப் பிழிந்த பிறகே சேர்க்க வேண்டும். இன்னொன்று, நார்க்கழிவில் சத்து மிகக் குறைவு. மக்காத கழிவு, மண்ணில் இருக்கும் தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும். செடி வெளிறி நிற்பதற்குப் பல நேரம் இதுதான் காரணம்.

எருவும் நன்றாக மக்கியதாக இருக்க வேண்டும். பச்சைச் சாணத்தைப் போட்டால் சூட்டில் வேர் கருகும். மக்கிய எருவில் சாண வாடை இருக்காது, மழை பெய்த மண்ணின் வாசனைதான் வரும். அதுதான் அடையாளம். கலவையை நிரப்பி, தண்ணீர் தெளித்து, ஒரு வாரம் கழித்து விதைத்தால் முளைப்பு நன்றாக இருக்கும். பையின் அடியில் துளை இருக்கிறதா என்று பார்க்க மறக்காதீர்கள்.

நெசவுப் பகுதிக்கென்றே ஒரு குறிப்பு: சாயம் அலசிய தண்ணீரைச் செடிக்கு விட வேண்டாம். அதில் உப்பும் ரசாயனமும் இருக்கும், மண்ணைக் கெடுக்கும். அரிசி கழுவிய தண்ணீர், காய்கறி அலசிய தண்ணீர் தாராளமாக விடலாம். சோப்பு கலந்த தண்ணீர் வாழைக்கும் கல்வாழைக்கும் போகட்டும், கீரைக்கு வேண்டாம்.

முதல் முறை எதைப் போடலாம்?

தக்காளியில் தொடங்காதீர்கள். இதைக் கேட்டதும் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். ஆனால் பூ உதிர்தல், இலைச்சுருட்டை, காய்ப்புழு என வரிசையாகச் சோதனை தரும் செடி அது. முதலில் சீக்கிரம் பலன் தருவதைப் போட்டால் கையும் பழகும், தைரியமும் வரும்.

முதல் மாதம், கீரை: முளைக்கீரையும் சிறுகீரையும் விதைத்த 25 நாளில் பறிப்புக்கு வரும். விதை மிகப் பொடி. மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லிசாக எரு போர்த்தி, பூவாளியில் தண்ணீர் தெளித்தால் போதும். பைப்பைத் திறந்து விட்டால் விதை ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும். எறும்பும் விதையைத் தூக்கிக்கொண்டு போகும். சுற்றி மஞ்சள்தூள் தூவுவது ஊர்ப் பழக்கம்.

இரண்டாம் மாதம், வெண்டையும் கொத்தவரையும்: நாற்று விட வேண்டாம், நேரடியாக விதைக்கலாம். வெண்டை விதையை முதல்நாள் இரவே ஊறவைத்தால் சீக்கிரம் முளைக்கும். சுமார் 45 நாளில் முதல் காய். ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்க வேண்டும். இரண்டு நாள் ஊருக்குப் போய் வந்தால் முற்றி நாராகிவிடும். இரண்டே செடி வைத்தால் பொரியல் கனவு பலிக்காது. எட்டு, பத்துச் செடி இருந்தால்தான் ஒரு கைப்பிடி சேரும். முள்ளங்கியும் 45 நாள் பயிர்தான், தை மாதத்துக்கு ஏற்றது.

மூன்றாம் மாதத்துக்கு மேல், கத்தரி, மிளகாய், தக்காளி: இவற்றைக் குழித்தட்டில் நாற்றுவிட்டு, 25 முதல் 30 நாளில் பிடுங்கி, மாலை வெயில் தாழ்ந்த பிறகு நட வேண்டும். கத்தரி பொறுமைசாலி. ஒருமுறை காய்க்கத் தொடங்கினால் மாதக்கணக்கில் காய்க்கும்.

பந்தல் கொடிகள்: பாகல், பீர்க்கன், புடலை, சுரை. முதலில் வரும் பூக்கள் உதிர்ந்தால் பதற வேண்டாம். அவை ஆண் பூக்கள். காம்புக்கு மேலே குட்டிக் காய் வடிவம் இருந்தால் அது பெண் பூ. உயரமான அடுக்குமாடிகளில் தேனீ வரத்துக் குறைவு என்பதால், ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் நீங்களே தொட்டுவைக்க வேண்டியிருக்கும். பாகலுக்கு இதைக் காலையில் செய்யலாம். பீர்க்கனும் சுரையும் மாலையில் பூப்பவை. ஆபீஸ் விட்டு வந்து செய்யலாம்!

இவை எதற்கும் காசு செலவழிக்க மனமில்லையா? சமையலறையிலேயே தொடங்கலாம். வாங்கிய புதினாக் கட்டில் நான்கு தண்டு, அஞ்சறைப்பெட்டி வெந்தயம், லேசாக நசுக்கி இரண்டாக உடைத்த மல்லி விதை, கொடிப்பசலைத் தண்டு. தரை இருந்தால் ஒரு முருங்கைப் போத்து. விதை மூலம் வளர்க்கும் செடிமுருங்கை வேண்டுமென்றால் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம்-1 ரகம் பல வீடுகளுக்கு ஏற்கெனவே பழக்கம்.

அரசு கிட் கிடைக்குமா?

தமிழ்நாடு தோட்டக்கலைத் துறை, 'முதலமைச்சரின் ஊட்டம் தரும் காய்கறித் தோட்டம்' என்ற திட்டத்தை 2021-ல் கொண்டுவந்தது. நகர வீடுகளுக்கான மாடித்தோட்டத் தொகுப்பில் ஆறு வளர்ப்புப் பைகள், ஆறு நார்க்கழிவுக் கட்டிகள், ஆறு வகை விதைகள், உயிர் உரம், டிரைக்கோடெர்மா, வேப்பெண்ணெய், செய்முறைக் கையேடு ஆகியவை இருந்தன. 900 ரூபாய் மதிப்புள்ள இந்தத் தொகுப்பு மானியம் போக 225 ரூபாய்க்கு வழங்கப்பட்டது. கிராமப்புற வீடுகளுக்கு 60 ரூபாய் மதிப்புள்ள 12 வகை விதைத் தொகுப்பு 15 ரூபாய்க்கு. மாகறல் போன்ற ஊர்களுக்கு இந்த இரண்டாவதுதான் பொருத்தம்.

ஆண்டுக்கு ஆண்டு திட்டத்தின் பெயர், விலை, இருப்பு எல்லாம் மாறும். தோட்டக்கலைத் துறை இணையதளத்தையும் உழவன் செயலியையும் பாருங்கள். இல்லையென்றால் உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்துக்கு ஒரு நடை போய்க் கேட்டுவிடலாம். ஆதார் நகலும் போட்டோவும் கையோடு இருக்கட்டும்.

விதை வாங்கும்போது பாக்கெட்டின் பின்பக்கம் பாருங்கள். சோதித்த தேதி, காலாவதி தேதி, முளைப்புத்திறன் சதவீதம் அச்சிட்டிருக்க வேண்டும். 'எஃப்1' என்று போட்டிருந்தால் வீரிய ஒட்டு விதை. நன்றாகக் காய்க்கும், ஆனால் அதிலிருந்து எடுத்த விதை அடுத்த முறை அதே குணத்தோடு வராது. விதை எடுத்து வைக்க ஆசை என்றால் நாட்டு ரகம் கேட்டு வாங்குங்கள்.

பூச்சி வந்தால்? குரங்கு வந்தால்?

பூச்சி வரும். வராத தோட்டம் கிடையாது. வெண்டை இலையில் நரம்பு மட்டும் மஞ்சளாகி வலைபோல் தெரிந்தால் அது நரம்புத் தேமல், வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் நோய். மருந்து இல்லை. அந்தச் செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்தினால் மற்றவை பிழைக்கும். மனசு வராதுதான், ஆனால் ஒன்றைக் காப்பாற்றப் போய் பத்தை இழக்கக் கூடாது.

அசுவினி, மாவுப்பூச்சிக்கு முதல் மருந்து தண்ணீர்தான். இலையின் அடிப்பக்கத்தில் வேகமாகப் பீய்ச்சினால் பாதி போய்விடும். மீதிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு காதி சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளிக்கலாம். உச்சி வெயிலில் தெளித்தால் இலை பொசுங்கும். பூச்சி வந்த பிறகு தேடுவதைவிட, வாரம் ஒருமுறை தெளித்து வருவது நல்லது. வளர்ச்சிக்குப் பஞ்சகவ்யம் தருவதாக இருந்தால் லிட்டருக்கு 30 மில்லி. 'நல்லதுதானே' என்று அதிகம் ஊற்றினால் செடி கருகும்.

கோயில் ஊர்களில் பெரிய எதிரி குரங்கு. வேப்பெண்ணெய் அதனிடம் செல்லாது. வலைக்கூண்டு போட முடியாதவர்கள், குரங்கு அதிகம் சீண்டாத பாகல், மிளகாய், புதினா, கறிவேப்பிலை பக்கம் போவது நிம்மதி. கொல்லை என்றால் ஆடு, கோழிக்கு வேலி போட்ட பிறகே விதை.

தண்ணீர் விஷயத்தில் ஒரே சோதனை: விரலை இரண்டு கணு அளவு மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் ஒட்டினால் இன்று தண்ணீர் வேண்டாம். வெயிலில் வாடிய செடி மாலையில் தானாக நிமிர்ந்தால் அது தாகம் இல்லை, சூட்டைச் சமாளிக்கும் தந்திரம். வாடியதைப் பார்த்ததும் ஊற்றி ஊற்றி வேரை அழுக வைப்பவர்களே அதிகம்.

சரி, காசு மிச்சமாகுமா?

உண்மையைச் சொன்னால், முதல் ஆண்டில் ஆகாது. ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய், கனி சாப்பிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நான்கு பேர் வீட்டுக்கு மாதம் 48 கிலோ. ஆறு பை அதில் ஒரு ஓரத்தைக்கூடத் தொடாது. பை, எரு, விதை, வலை என்று செலவைக் கூட்டினால் முதல் வெண்டைக்காய் கொஞ்சம் காஸ்ட்லிதான்.

இலங்கை இந்தப் பாடத்தைக் கடினமான வழியில் படித்தது. 2022-ல் பொருளாதார நெருக்கடி முற்றி, எரிபொருளும் உணவும் தட்டுப்பாடானபோது, அரசு ஊழியர்கள் வீட்டுத்தோட்டம் செய்ய வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை என்று அந்நாட்டு அமைச்சரவை ஜூன் மாதம் முடிவெடுத்தது. கீரையும் மரவள்ளியும் வீட்டில் வரும். ஆனால் அரிசியும் பருப்பும் எண்ணெயும் தொட்டியில் வராது. விதைத்த கையோடு பசியும் தீராது. நெருக்கடி வந்த பிறகு போடும் தோட்டத்தைவிட, வருவதற்கு முன்பே கை பழகிய தோட்டம்தான் உதவும்.

அப்போ எதற்கு இந்தப் பாடு? ஒரு வீட்டில் மாதத்துக்கு எட்டுக் கட்டுக் கீரை வாங்குகிறார்கள் என்றால், அதில் பாதியை இரண்டு பை கொடுத்துவிடும். புதினா, மல்லி, கறிவேப்பிலை, பச்சைமிளகாய் என்று தினமும் கொஞ்சமாகத் தேவைப்படுபவை வாசலிலேயே கிடைக்கும். ஃப்ரிட்ஜில் அழுகி வீணாவதும் நிற்கும். எந்த மருந்து அடித்தது என்று தெரியாத கீரையைக் குழந்தைக்கு ஊட்டும் தயக்கம் போகும். இன்னொன்றும் நடக்கும். ஒரு கத்தரிக்காய்க்கு மூன்று மாதம் காத்திருந்தவர், சந்தையில் விவசாயியிடம் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசுவதற்கு முன் ஒரு நொடி யோசிப்பார்.

இந்த வாரக் கடைசியில் என்ன செய்யலாம்?

சனிக்கிழமை: வெயில் விழும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். இரண்டே இரண்டு பை அல்லது துளை போட்ட பழைய பக்கெட்டுகள் போதும். மண் கலந்து வையுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை: வாங்கிய புதினாவில் இலையைக் கிள்ளிக்கொண்டு தண்டைக் கிளாஸ் தண்ணீரில் போடுங்கள். அடுத்த வாரம் மண்ணுக்கு மாற்றலாம்.

அடுத்த ஞாயிறு: ஒரு பையில் முளைக்கீரை தூவுங்கள். பதினைந்து நாள் கழித்து இன்னொரு பையில். ஒன்று பறித்து முடிக்கும்போது அடுத்தது தயாராக இருக்கும்.

ஒரு மாதம் இதைத் தொடர முடிந்தால் நான்கு பை சேருங்கள். முடியவில்லை என்றால் இழப்பு நூறு ரூபாய்க்குள். மாகறல் கதையில் அந்தச் சிறுவனுக்குப் பலாப்பழம் பிடிக்காமல் போகவில்லை, தினமும் சுமக்க முடியவில்லை. உங்களால் சுமக்க முடிந்த அளவுக்கு மட்டும் விதையுங்கள். தக்காளியை அடுத்த தை மாதம் பார்த்துக்கொள்ளலாம்.